ஆட வந்த பிறகு கை கொடுக்க மறுப்பதா?

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் பஸ் ஏறும் வழியில், கொஞ்சம் சமதளம் கிடைத்த இடத்திலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கிரிக்கெட் நடக்கிறது. பந்து டென்னிஸ் பந்து. ஸ்டம்புக்கு மூன்று கம்பு. ஒரு பக்க எல்லை ரப்பர்த் தோட்டம், மறுபக்கம் ஓடை. ஓடையில் விழுந்த பந்து ஆறா, நாலா என்று பத்து நிமிஷம் சண்டை நடக்கும். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். சண்டை முற்றினால் மட்டும் அவரவர் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்துப் பையன்கள் வரிசையாக வந்து, ஜெயித்தவர்களுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்கள். இதை யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. டெலிவிஷனில் பார்த்துப் பழகியது.

2025 செப்டம்பர் 14ஆம் தேதி இரவு அதே டெலிவிஷனில் வேறு காட்சி வந்தது. துபாயில் ஆசியக் கோப்பைப் பந்தயம். பாகிஸ்தான் 20 ஓவர்களில் எடுத்தது 127 ரன். இந்தியா மூன்றே விக்கெட்டுகளை இழந்து, 16 ஓவர்கள் முடியும் முன்பே அதைத் தாண்டிவிட்டது. காப்டன் சூர்யகுமார் யாதவ் சிக்சர் அடித்து ஆட்டத்தை முடித்தார். எதிர்முனையில் நின்ற சிவம் துபேயுடன் கை குலுக்கினார். இருவரும் நேரே படியேறி உள்ளே போய்விட்டார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் காத்து நின்றார்கள். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. உடை மாற்றும் அறையின் கதவும் சாத்தப்பட்டது. டாஸ் போட்டபோதே இரு காப்டன்களும் கை கொடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

மறுநாள் சாயாக்கடைகளில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வித்துரா போன்ற ஊரில் இப்படிப்பட்ட வாதம் எப்படிப் போகும் என்பது அங்கே உட்கார்ந்து சாயா குடித்தவர்களுக்குத் தெரியும்.

"செஞ்சது சரிதான் அண்ணாச்சி. இருபத்தாறு பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அவங்களுக்கு என்ன கை வேண்டிக் கிடக்கு?" என்பான் இளைஞன்.

"வாஸ்தவந்தான் தம்பி. அப்போ எதுக்கு ஆடப் போனாங்க?" என்பார் பெரியவர்.

"ஆடலைன்னா பாயிண்ட் போயிடுமே அண்ணாச்சி."

"அப்படின்னா பாயிண்டுக்காகப் போனாங்கன்னு சொல்லு. அதுல வேற எதையும் கலக்காதே."

பெரியவரின் பதிலில் முழு விவகாரமும் அடங்கிவிட்டது. ஆடியது சரி என்றால் கை கொடுத்திருக்க வேண்டும். கை கொடுப்பது தவறு என்றால் ஆடியிருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் சரி என்று சொல்ல முடியாது. கிரிக்கெட் போர்டு சொன்னது. கோடிக்கணக்கான ரசிகர்கள் தலையாட்டினார்கள். தலையாட்ட மனம் வராமல் டெலிவிஷனை அணைத்தவர்களும் உண்டு. அவர்கள் தேசப்பற்றில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல; இந்தியா ஜெயித்தால் முதல் பட்டாசு கொளுத்துகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஆட வேண்டாம் என்றவர்கள்

துக்கத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி காஷ்மீரில் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் 26 பேர். கொச்சியிலிருந்து குடும்பத்தோடு போயிருந்த ஒருவரும் அதில் உண்டு. ஆகவே கேரளத்துக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. மே மாதம் இரு நாடுகளும் சண்டையிட்டு, நான்காம் நாள் நிறுத்தின. அந்த ரணம் ஆறுவதற்குள் செப்டம்பரில் ஆசியக் கோப்பை வந்தது.

ஆட வேண்டாம் என்று சொன்னவர்கள் அப்போது பலர் இருந்தார்கள். பஹல்காமில் கண் முன்னே கணவரைப் பறிகொடுத்த ஓர் இளம் பெண், இந்த ஆட்டத்தையே புறக்கணிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய நாட்டில் அப்படிக் கேட்கும் உரிமை அவரைவிட யாருக்கு அதிகம் இருக்க முடியும்? மத்திய விளையாட்டு அமைச்சகமோ ஆகஸ்ட் மாதமே தன் கொள்கையைச் சொல்லிவிட்டது. பாகிஸ்தானுடன் தனித் தொடர் கிடையாது. பல நாடுகள் பங்குபெறும் பந்தயங்களில் ஆடத் தடையில்லை. இந்தப் பந்தயத்தை நடத்தும் உரிமையும் இந்திய போர்டிடம்தான் இருந்தது. இடம் மட்டுமே எமிரேட்ஸ். அட்டவணையில் இரு நாடுகளும் ஒரே பிரிவு. குரூப் ஆட்டம், சூப்பர் நான்கு, இறுதி ஆட்டம் என்று மூன்று முறை மோதுவதற்கு அதில் இடமிருந்தது, மூன்றும் நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதாத ஆசியக் கோப்பைக்கு டெலிவிஷன் கம்பெனிகள் என்ன விலை கொடுக்கும் என்பது போர்டுக்குத் தெரியாத கணக்கா?

கணவரை இழந்த பெண் கேட்டது 'ஆடாதீர்கள்' என்பது. கிடைத்ததோ 'ஆடுவோம், ஆனால் கை கொடுக்க மாட்டோம்' என்பது. ஆடாமல் இருந்தால் புள்ளி போகும், பணம் போகும், கோப்பை போகும். கை கொடுக்காமல் இருந்தால் எதுவும் போகாது. விலை கொடுக்காமல் வாங்கிய எதிர்ப்பு அது. மனம் கசந்தவர்கள் கசந்தது இதனால்தான்.

எதிர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே பர்மிங்காமில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களின் பந்தயம் ஒன்று நடந்தது. யுவராஜ் சிங், ஷிகர் தவன், ஹர்பஜன் சிங் போன்றவர்கள் இருந்த இந்திய அணி முதல் சுற்றில் பாகிஸ்தானுடன் ஆட மறுத்தது. அரை இறுதியிலும் அதே அணி எதிரே வந்து நின்றபோது, பந்தயத்தையே விட்டு வெளியேறியது. அது தேவையா, இல்லையா என்று வாதம் செய்யலாம். அவர்கள் கொள்கை ஒன்று, செய்கை ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் பெரிய உதாரணம் டென்னிஸில் இருக்கிறது. 1974இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு வந்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் உச்சத்தில் இருந்த காலம். எதிரே தென்னாப்பிரிக்கா. கறுப்பரை மனிதராக மதிக்காத நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா டேவிஸ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதை நினைத்தால், அன்று விட்டுக் கொடுத்தது எத்தனை பெரிது என்பது விளங்கும். அந்த இரண்டு சகோதரர்களின் வாழ்நாள் வாய்ப்பு அது. உலகம் அதை இன்றும் மரியாதையோடு சொல்கிறது. இந்தியா தென்னாப்பிரிக்காவுக்குப் போய், ஆட்டத்தில் ஜெயித்து, வலைக்கு அருகில் வந்து கை கொடுக்காமல் திரும்பியிருந்தால் அதை இன்று யார் பேசுவார்கள்?

சேப்பாக்கமும் மான்செஸ்டரும்

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. அதை அவர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வதில் தவறில்லை. 1999 ஜனவரி. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் பிட்ச்சைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. இந்தியா ஜெயிக்க வேண்டியது 271. முதுகு வலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 எடுத்து, வெற்றியை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்து ஆட்டமிழந்தார். அப்போது ஸ்கோர் 254. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகள் நாலே ரன்னில் சரிந்தன. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது.

மைதானம் ஒரு நிமிஷம் மயான அமைதியில் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒருவர், இருவர் என்று எழுந்தார்கள். சேப்பாக்கம் முழுவதும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கரகோஷம் செய்தது. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். தன் அணி கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் விட்ட நேரத்தில், எதிராளியின் ஆட்டத்தை மெச்சும் மனம் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. விளையாட்டு மனப்பான்மை என்று பள்ளிக்கூட விழாக்களில் சொல்வார்களே, அது இதுதான்.

ஆனால் சேப்பாக்கத்தைச் சொல்லும்போது 2013ஐயும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. இலங்கைப் போரின் கடைசி நாட்களில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமையால் தமிழகம் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு மார்ச்சில், இலங்கை ஆட்டக்காரர்கள் இருந்தால் சென்னையில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்க விடமாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார். அவர்கள் சென்னையில் ஆடவில்லை. அதே சேப்பாக்கம்தான். ஆக, அரசியல் வேறு, விளையாட்டு வேறு என்று தமிழர்கள் எப்போதும் பிரித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அது நியாயமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இலங்கை அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளரான முத்தையா முரளிதரனே தமிழர் என்பது அந்த வாதத்தின் சிக்கலைக் காட்டும். ஆனால் ஒன்று: அது வாசலிலேயே சொல்லப்பட்ட மறுப்பு. உள்ளே அழைத்து ஆட வைத்து, டிக்கெட் காசையும் வாங்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது அல்ல.

அதே 1999இல் ஜூன் 8ஆம் தேதி மான்செஸ்டரில் நடந்ததும் இங்கே நினைக்க வேண்டியது. கார்கிலில் இந்திய வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. வெங்கடேஷ் பிரசாத் ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தியா 47 ரன்னில் ஜெயித்தது. பஹல்காமுக்குப் பிறகு நடந்ததைப் பற்றிக் கேட்டபோது, திருவனந்தபுரத்தின் மக்களவை உறுப்பினர் சசி தரூர் இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துக் காட்டினார். கார்கில் சண்டையின் நடுவில்கூடக் கை குலுக்கியிருக்கிறோம். ஆடுவதென்று முடிவு செய்தால் ஆட்டத்தின் மரபுப்படி ஆட வேண்டும், அவ்வளவு கோபம் இருந்தால் ஆடாமலே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்க்காதவர்களுக்கு அதில் பிழை தெரியாது. சாயாக்கடைப் பெரியவர் சொல்வதும் அதுவே, சுருக்கமாகச் சொல்கிறார்.

கோப்பை இல்லாத வெற்றி

ஆட்டக்காரர்கள் மேல் முழுப் பழியையும் போடுவது சரியல்ல. தன் அணியின் முடிவு போர்டும் அரசும் கொண்டிருந்த கருத்தோடு ஒத்தது என்று சூர்யகுமாரே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். விளையாட்டு மனப்பான்மையைவிடப் பெரிய விஷயங்கள் வாழ்க்கையில் சில உண்டு என்றும் சொன்னார். இருக்கலாம். அவர் தன் பந்தயச் சம்பளத்தை ராணுவத்துக்கும் பஹல்காம் குடும்பங்களுக்கும் தருவதாக அறிவித்தார். அது உண்மையான செய்கை, அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த சஞ்சு சாம்சனும், தமிழ்நாட்டின் வருண் சக்கரவர்த்தியும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களில் எவரேனும் தனியாகத் திரும்பி நடந்து போய்க் கை கொடுத்திருந்தால், மறுநாள் அவர் கதி என்ன ஆகியிருக்கும்? இருபதும் முப்பதும் வயதான ஆட்டக்காரர்களின் தோளில், நாட்டை ஆள்பவர்களும் போர்டு அதிகாரிகளும் தீர்த்திருக்க வேண்டிய ஒரு கேள்வியை ஏற்றிவிட்டார்கள்.

பாகிஸ்தான் பக்கம் மட்டும் யோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். செப்டம்பர் 21ஆம் தேதி ஆட்டத்தில் அரை சதம் அடித்த சாகிப்சாதா ஃபர்ஹான் மட்டையைத் துப்பாக்கி போலப் பிடித்துக் காட்டினார். ஹாரிஸ் ரவூஃப் விமானம் விழுவது போலக் கையால் சைகை செய்தார், அபராதம் கட்டினார். சூர்யகுமாருக்கும் அபராதம் விழுந்தது. ஒரு கை கொடுக்காததில் தொடங்கியது ஒரே வாரத்தில் எங்கே போய் நின்றது, பாருங்கள்.

செப்டம்பர் 28ஆம் தேதி இறுதி ஆட்டம். உண்மையிலேயே நல்ல ஆட்டம். குல்தீப் யாதவ் நான்கு விக்கெட் எடுத்தார். இந்தியா தொடக்கத்தில் தடுமாறியது. இளைஞர் திலக் வர்மா கடைசி வரை நின்று 69 எடுத்துக் காப்பாற்றினார். இன்னொரு வருஷமாக இருந்திருந்தால் வித்துராப் பையன்கள் ஒரு மாதம் திலக் வர்மாவைப் போலவே நின்று மட்டை பிடித்திருப்பார்கள். ஆனால் மறுநாள் யாருக்கும் அந்த 69 நினைவில் இல்லை. ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர் மொஹ்சின் நக்வி. அவரே பாகிஸ்தான் போர்டின் தலைவர், அந்த நாட்டின் உள்துறை அமைச்சரும்கூட. அவர் கையால் கோப்பை வாங்க மாட்டோம் என்றது இந்திய அணி. வேறு யார் கையாலும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை அவர். பரிசளிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. கடைசியில் கோப்பையை மைதானத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜெயித்தவர்கள் கோப்பை இருப்பது போலப் பாவனை செய்து, வெறும் கையைத் தூக்கிக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அமைச்சராக இருப்பவர் விளையாட்டு அமைப்பின் தலைவராகவும் இருப்பது அழகல்ல. அதைச் சொல்வதற்கு இந்தியாவுக்கும் அவ்வளவு சுத்தமான வாய் இல்லை. இங்கும் கிரிக்கெட் போர்டுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ஒரு வாரம் கழித்து அக்டோபர் 5ஆம் தேதி கொழும்பில் மகளிர் உலகக் கோப்பை ஆட்டம். அங்கும் ஹர்மன்பிரீத் கௌரும் பாத்திமா சனாவும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் தொடங்கிய வழக்கத்தைப் பெண்கள் மேலும் ஏற்றியாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அதே அக்டோபர் 14ஆம் தேதி மலேசியாவில் ஜொகூரில் ஜூனியர் ஹாக்கிப் பந்தயம் நடந்தது. இந்தியப் பையன்களும் பாகிஸ்தான் பையன்களும் ஆட்டம் தொடங்குமுன் வரிசையாகக் கையோடு கை தட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 3-3 என்று சமமாக முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஹாக்கியில் தேசப்பற்று குறைந்துவிட்டதா? இல்லை, ஹாக்கியைப் பார்க்க அத்தனை காமிராக்கள் வரவில்லை, அவ்வளவுதான். காமிரா உள்ள இடத்தில் மட்டும் முறுக்கேறும் கோபம் எப்படிப்பட்டது என்று ரசிகன் கேட்டால் அவனைக் குறை சொல்லலாமா?

இந்திய கிரிக்கெட் ரசிகன் இதற்கு முன்பும் மனம் நொந்திருக்கிறான். தோற்றதற்காக அல்ல. 1988 ஜனவரி 25ஆம் தேதி திருவனந்தபுரம் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஸ்ரீகாந்த் நூறு அடித்தார். ஆனால் மேற்கிந்தியத் தீவுகள் ஒரே விக்கெட்டை இழந்து ஜெயித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நெடுமங்காடு வழியாக வீடு திரும்பிய பழைய ஆட்கள் அந்த நூறைத்தான் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள், தோல்வியை அல்ல. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. விக்கெட் விழுந்தாலும் ரசிக்கத் தெரிந்த தலைமுறை. மனம் நொந்தது எப்போது? 2000இல் பணத்துக்கு ஆட்டம் விற்கப்பட்டதாகச் சேதி வந்தபோது. முகமது அசாருதீனுக்குப் போர்டு வாழ்நாள் தடை போட்டது. 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2013இல் கேரளத்தின் ஸ்ரீசாந்த் கைதானபோது இந்த மாநிலமே தலைகுனிந்தது. இரண்டு ஆண்டு கழித்து டில்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. கோர்ட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது வேறு. நம்பி உட்கார்ந்து பார்த்தவன் மனத்தில் விழுந்த கீறல் தீர்ப்பால் ஆறுவதில்லை.

தோல்வியும் ஏமாற்றமும் ஒன்றல்ல என்பதை வித்துராவுக்கு மேலே போணக்காடு தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் அவர்கள். மழை பொய்த்தால் பொறுத்துக்கொண்டார்கள். விலை விழுந்தால் பொறுத்துக்கொண்டார்கள். உழைத்த கூலியும் பணிக்கொடையும் வருஷக்கணக்கில் வராமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. சொன்ன சொல் போனதுதான் அங்கே வலி. கிரிக்கெட்டை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனாலும் அந்த லயங்களில் பல வீடுகளில் கிரிக்கெட்டும் உண்டு. இந்திய அணி ஆட்டம் என்றால் ஒரு டெலிவிஷன் முன்னால் பத்துப் பேர் உட்காருவார்கள். அவர்கள் நம்பிக்கையோடு கொடுக்கும் நேரமும் ஒரு வகைக் கூலிதான்.

ரசிகர் கூட்டமும் உத்தமம் அல்ல. 2019 டிசம்பர் 8ஆம் தேதி காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் இளைஞர் ரிஷப் பந்த் ஒரு காட்ச்சை விட்டதற்காகக் கூட்டம் வேறு விக்கெட் கீப்பரின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டது. காப்டன் விராட் கோலி எரிச்சலோடு கையசைத்துக் கண்டித்தார். சொந்த அணிப் பையனையே இப்படி நோகடித்த கூட்டம், எதிரணிக்குக் கை கொடுக்காததைப் பற்றிப் பேச வருவதா என்று கேட்டால் கேள்வி நியாயமே. அதே ஸ்டேடியத்தில் 2023 ஜனவரி 15, பொங்கல் நாளில் இந்தியா இலங்கையை 317 ரன்னில் தோற்கடித்தது. ஒருநாள் கிரிக்கெட்டில் அத்தனை பெரிய வித்தியாசத்தில் அதற்கு முன் யாரும் ஜெயித்ததில்லை. கோலி 166. பார்த்தவர்கள்தான் குறைவு, பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. டிக்கெட் வரியை ஏற்றியதைப் பற்றிக் கேட்டபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டியதில்லை என்ற பொருளில் மாநில விளையாட்டு அமைச்சர் பேசியதும், அதற்கு வந்த கண்டனமும் பலருக்கு மறந்திருக்காது. ரசிகனை மதிக்காதவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள்.

ஆட்டத்தில் பெருந்தன்மை காட்டினால் தோற்றுத்தான் போக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சில சமயம் அப்படித்தான் ஆகிறது. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த ஜூபிலி டெஸ்டில் இங்கிலாந்து திணறிக்கொண்டிருந்தது. பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியதால், காப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் அவரைத் திருப்பிக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். டெய்லர் 43 எடுத்தார். இயான் போத்தமுடன் சேர்ந்து ஆட்டத்தையே மாற்றினார். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. தோல்வி தோல்விதான். ஆனால் அந்த டெஸ்டைப் பற்றிப் பேசும்போது போத்தமின் பெயரோடு விஸ்வநாத்தின் பெயரும் வருகிறது.

பாகிஸ்தானும் இந்தியாவும் ஒரு பந்தயத்தில் சந்திக்கும் நாள் வந்துகொண்டேதான் இருக்கும். போர்டு செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆடப் போவதில்லை என்றால், அட்டவணை தயாராகும்போதே சொல்லிவிடட்டும். புள்ளியும் பணமும் போகட்டும். 1974இல் டென்னிஸ்காரர்கள் அதைவிடப் பெரியதை விட்டார்கள். அந்த முடிவை நாடு ஏற்றுக்கொள்ளும், ஏற்றுக்கொள்ளாதவர்களும் மதிப்பார்கள். ஆடுவதென்றால் டாஸ் போடும் இடத்தில் கை கொடுக்கட்டும், முடிந்த பிறகும் கொடுக்கட்டும். ஜெயித்தால் கோப்பையை வாங்கிக்கொண்டு வரட்டும். கேரள கிரிக்கெட் சங்கமும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் அந்தப் போர்டின் உறுப்பினர்கள். கூட்டத்தில் எழுந்து கேட்க அவர்களுக்கு வாக்கு உண்டு. 1999 சேப்பாக்கத்தைச் சொல்லிப் பெருமைப்படும் சங்கமாவது இதை முதலில் கேட்கலாம். எதுவானாலும் டிக்கெட் விற்கும் முன்னாலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.